மைக் இல்லாமல் ஒரு அரை மணி நேரம்: பழைய அரங்குகளை நடத்துபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

நூறு வருடம், நூற்றைம்பது வருடம் ஆன இசையரங்குகளை இன்று நிர்வகிக்கிறவர்கள் எல்லோருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். ஒரு அரங்கின் பெயரைப் போட்டு எழுதினால் மற்றவர்கள் "நல்லவேளை, நம்மைச் சொல்லவில்லை" என்று நகர்ந்துவிடுவீர்கள். அதனால் பெயர் வேண்டாம்.

கேட்க வந்தது ஒன்றே ஒன்றுதான். ஒரு ஆள், ஒரு கருவி என்று வருகிற தனிக் கச்சேரிக்கு, டிரம்ஸும் பேஸ் கிதாரும் கீபோர்டுமாகப் பத்துப் பேர் மேடையேறும் கச்சேரிக்கு வைக்கிற அதே சவுண்டை வைக்காதீர்கள். அளவைக் குறையுங்கள். கூடவே, ஒரு அரை மணி நேரமாவது மைக்கே இல்லாமல் கச்சேரி நடக்க வழி செய்யுங்கள். அந்தக் கட்டடத்தை எதற்காகக் கட்டினார்களோ அந்த வேலையை அது செய்யட்டும்.

"அது கலைஞரின் விருப்பம், எங்கள் கையில் இல்லை" என்று நீங்கள் சொல்வீர்கள் என்று தெரியும். பாதி உண்மை. பெரிய கலைஞர்கள் தங்கள் சவுண்ட் இன்ஜினியரைக் கூடவே அழைத்து வருகிறார்கள், மிக்சர் அவர் கையில்தான் இருக்கிறது. ஆனால் கூரையிலிருந்து என்ன தொங்குகிறது, மேடைக்கு மேல் எந்த லைட், ஏசி எந்த வேகத்தில் ஓடுகிறது, பாட்டு நடக்கும்போது கதவு திறக்குமா மூடியிருக்குமா, பால்கனிக்குப் பின்னால் பார் திறந்திருக்குமா, இதையெல்லாம் முடிவு செய்வது நீங்கள். ஊர் ஊராகச் சுற்றுகிற இன்ஜினியர் மதியம் வந்து இறங்குகிறார், மாலைக்குள் எல்லாம் தயாராக வேண்டும், நீங்கள் கொடுத்த பட்டியலில் என்ன இருக்கிறதோ அதை வைத்துக்கொண்டு வேலையை முடிக்கிறார். இந்த ஹாலில் இன்னொரு மாதிரியும் செய்யலாம் என்று அவரிடம் யாராவது சொன்னால்தானே அவருக்குத் தெரியும்!

சமீபத்தில் போன ஒரு கச்சேரியைச் சொல்கிறேன். பாடுகிறவர் பள்ளி நாட்களிலிருந்து நான் கேட்டு வருபவர். கிதாரும் குரலும் மட்டும், கூட யாரும் இல்லை. அரங்கு பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கட்டடம், அடுக்கடுக்காக வளைந்து போகும் பால்கனிகள், சுவரெல்லாம் சுண்ண வேலைப்பாடு. எனக்குக் கிடைத்தது மேல் பால்கனியில் வலது ஓரம். ஆள் எனக்கு நேர் கீழே நிற்கிறார், சட்டைக் கையை மடித்துவிட்டிருப்பதுகூடத் தெரிகிறது. குரலோ எதிரே இடது பக்கம் தொங்குகிற ஸ்பீக்கர் வரிசையிலிருந்து வருகிறது. கண் ஓரிடம், காது ஓரிடம். என் தலைக்குச் சற்று மேலே கம்பத்தில் நாலைந்து சுழல் விளக்குகள் மாட்டியிருந்தார்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் சூடு தணிக்க ஒரு சின்ன மின்விசிறி ஓடுகிறது. அந்த விர்ர் சத்தம் வேகமான பாட்டில் தெரியவில்லை. மெதுவான பாட்டு வந்ததும், தந்தியை மீட்டிவிட்டு அவர் கையை எடுத்த பிறகு அந்த ஒலி தேய்ந்து போகும் கடைசி நொடிகள் முழுக்க எனக்கு விசிறிச் சத்தம்தான். ஒரு மணி நேரம் இப்படியே போனது.

அப்புறம் அவர் கிதாரிலிருந்து வயரைப் பிடுங்கினார். மைக் ஸ்டாண்டைத் தாண்டி, தரையில் கிடந்த மானிட்டர் ஸ்பீக்கர்களையும் தாண்டி, மேடையின் விளிம்புக்கு வந்து நின்று ஒரு பாட்டைப் பாடினார். முதல் வரி பாதி போய்விட்டது, கூட்டம் அடங்குவதற்குள். இரண்டாவது வரியில் ஹால் மொத்தமும் அடங்கிவிட்டது. சத்தம் நிச்சயமாகக் குறைவுதான், முன்னால் இருந்ததில் கால்வாசி இருக்குமோ என்னவோ. ஆனால் இப்போது அது அவரிடமிருந்து வந்தது. விரல் தந்தியில் வழுக்கி அடுத்த கட்டைக்குப் போகும்போது எழும் கீச்சொலி மேல் பால்கனி வரை வந்தது. வரி முடிவில் மூச்சு வாங்குவது கேட்டது. நல்லவேளையாக லைட்டையும் யாரோ அணைத்துவிட்டிருந்தார்கள், விசிறியும் நின்றிருந்தது. பக்கத்தில் அதுவரை போனை உயர்த்திப் பிடித்திருந்தவர், யாரும் சொல்லாமலே கீழே இறக்கினார். சத்தம் போதாத இடத்தில் மனிதர்கள் தாங்களே அமைதியாகிவிடுகிறார்கள், சத்தம் தாராளமாக இருந்தால் பேச ஆரம்பிக்கிறார்கள். உங்கள் ஊழியர்கள் டார்ச்சை அடித்து அடித்து அடக்க முடியாத கூட்டம் அது!

அந்த ஒரு பாட்டுக்குத்தான் அவ்வளவு பணம் கொடுத்து அந்த அரங்குக்குப் போனேன் என்று சொல்வேன். மீதியை ஏதாவது ஒரு விளையாட்டு அரங்கில் கேட்டிருக்கலாம், நாற்காலியாவது வசதியாக இருந்திருக்கும்.

இதை ரசிகனின் உணர்ச்சிவசம் என்று ஒதுக்கிவிடாதீர்கள், இதற்குக் கணக்கு இருக்கிறது. 1895-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் புதிதாகக் கட்டிய ஒரு விரிவுரை மண்டபத்தில் பேராசிரியர் பேசுவது யாருக்கும் புரியவில்லை. ஒரு சொல் சொன்னால் அது அடங்க ஐந்தரை நொடி ஆனது, அதற்குள் அடுத்த சொற்கள் வந்து மேலே விழுந்துகொண்டிருந்தன. வாலஸ் சபைன் என்ற இளம் இயற்பியல் ஆசிரியரிடம் இதைச் சரிசெய்யச் சொன்னார்கள். அவர் நள்ளிரவுக்கு மேல், வெளிச் சத்தம் ஓய்ந்த பிறகு, பக்கத்திலிருந்த ஒரு நாடக அரங்கின் இருக்கை மெத்தைகளைத் தூக்கிவந்து மண்டபத்தில் அடுக்குவார். ஒரு ஆர்கன் குழாயை ஊதவைத்து நிறுத்தி, ஒலி காதுக்கு எட்டாமல் போகும்வரை நேரம் அளப்பார். இன்னும் கொஞ்சம் மெத்தை, மறுபடி அளவு. விடிவதற்குள் மெத்தைகள் பழைய இடத்துக்குப் போயிருக்க வேண்டும். இப்படி இரவிரவாக அளந்துதான், ஒரு அறையில் ஒலி அடங்க எடுக்கும் நேரத்துக்கும் அதன் கன அளவுக்கும் அதற்குள் ஒலியை உறிஞ்சும் பொருட்களுக்கும் உள்ள உறவை அவர் கண்டுபிடித்தார். அந்தக் கணக்கை வைத்துக் கட்டிய முதல் இசையரங்கு பாஸ்டன் சிம்பனி ஹால், 1900-இல் திறந்தது. ஆள் நிரம்பியிருக்கும்போது அங்கே ஒலி அடங்க இரண்டு நொடிக்குச் சற்றுக் குறைவாக ஆகிறது. 1870-இல் திறந்த வியன்னாவின் முசிக்ஃபெரைனிலும் கிட்டத்தட்ட அதே இரண்டு நொடிதான். அதைக் கட்டியவர்களிடம் சபைனின் கணக்கு இல்லை, அனுபவமும் கொஞ்சம் அதிர்ஷ்டமும் இருந்தன.

அந்த இரண்டு நொடிதான் உங்கள் சொத்து. மின்சாரம் இல்லாமல் பாடுகிற குரலுக்கும் வாசிக்கிற பியானோவுக்கும் அது உடம்பு கொடுக்கிறது. ஆனால் ஸ்பீக்கரில் பெருக்கிய இசைக்கு அதுவே எதிரி. ராக், பாப் கச்சேரிகளுக்கு ஒலி ஒரு நொடிக்குள்ளாகவோ அதை ஒட்டியோ அடங்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் டிரம்ஸும் பேஸும் குழம்பிப்போகும். அதனால்தான் சில பழைய அரங்குகளில் அந்த மாதிரிக் கச்சேரிக்குக் கனமான திரைகளை இறக்குகிறார்கள். அது நியாயம், நான் குறை சொல்லவில்லை. பேண்டு என்றால் அதற்கு வேறு வழியில்லை.

ஆனால் ஒற்றை ஆளுக்கு நடப்பது என்ன? ஸ்பீக்கரைப் பெரிதாக வைக்கிறார்கள், அது சுவரையும் கூரையையும் போய் இடிக்கிறது, ஹால் முழங்குகிறது, வரிகள் தெளிவாகக் கேட்கவில்லை. வரி கேட்கவில்லையே என்று இன்னும் கொஞ்சம் ஏற்றுகிறார்கள், ஹால் இன்னும் கொஞ்சம் முழங்குகிறது. கடைசியில் அது கச்சேரிக்கும் கட்டடத்துக்கும் நடக்கிற சண்டையாகிவிடுகிறது. கட்டடத்தின் முழக்கத்தை அடக்கத் திரையை இறக்கிவிட்டு, குரல் வறண்டு ஒலிக்கிறதே என்று மிக்சரில் செயற்கையாக ஒரு முழக்கத்தை, ரிவெர்ப் என்பார்கள், சேர்ப்பதும் நடக்கிறது. அந்த ரிவெர்ப் கருவிகளில் ஒரு செட்டிங்குக்குப் பெயரே "ஹால்" என்று இருக்கும். நிஜ அரங்குகளின் ஒலியை அளந்தெடுத்து மென்பொருளாக விற்கிற காலம் இது. நிஜ ஹாலின் வாயை அடைத்துவிட்டு, அதற்குள்ளேயே பொய் ஹாலை ஓடவிடுவதை என்னவென்று சொல்ல!

இன்னொரு வேடிக்கை சப்வூஃபர், தாழ்ந்த ஒலிகளுக்கென்றே வைக்கிற பெரிய ஸ்பீக்கர் பெட்டி. கிதாரின் மிகத் தாழ்ந்த தந்தி கிட்டத்தட்ட 82 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. சப்வூஃபருக்குப் பொதுவாக ஒதுக்குவது 80, 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை. அப்படியானால் ஒற்றைக் கிதார், ஒற்றைக் குரல் கச்சேரியில் அந்தப் பெரிய பெட்டிகள் வழியாக வருவது என்ன? கிதார் உடம்பில் கை படும் தட், அவர் கால் தாளம் போடும் தொம், மைக்கில் மூச்சுப் படும் புஃப். கீழ் ஒலிகளைத் திரையோ மெத்தையோ ஆட்களோ சரியாக உறிஞ்சுவதில்லை, அவைதான் பழைய ஹாலில் அதிக நேரம் உருண்டுகொண்டிருக்கும். தனிக் கச்சேரி நாளில் அதை அணைத்துவைக்க ஒரு பைசா செலவில்லை.

பெரிய ஹாலில் மைக் இல்லாமல் பின்வரிசைக்கு எப்படிக் கேட்கும் என்பீர்கள். சுமார் 2,800 பேர் உட்காரும் நியூயார்க் கார்னகி ஹாலில் பியானோக் கலைஞர்கள் நூற்று முப்பது வருடமாக மைக் இல்லாமல்தான் வாசிக்கிறார்கள். சரி, பியானோ சத்தமான வாத்தியம், விடுங்கள். கிதார்? ஸ்பெயினின் கிதார் மேதை ஆந்த்ரேஸ் செகோவியா தன் கிதாருக்கு மைக் வைக்க மறுத்தவர், பெரிய அரங்குகளிலும்கூட. கூட்டம்தான் அவருக்காக அமைதியானது.

தனி ஆள் கச்சேரி என்பதே அவ்வளவு பழையதல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்கூட கச்சேரி என்றால் ஒரு பாடகி, ஒரு வயலின், ஒரு சின்ன ஆர்க்கெஸ்ட்ரா என்று கதம்பமாகத்தான் இருக்கும். 1839-இல் ரோமிலும், அடுத்த வருடம் லண்டன் ஹனோவர் ஸ்கொயர் அரங்கிலும் பியானோக் கலைஞர் ஃபிரான்ஸ் லிஸ்ட் மேடையில் தான் மட்டுமே போதும் என்று முடிவெடுத்தார். அது அன்றைக்குத் திமிராகத் தெரிந்தது, கொஞ்சம் திமிர்தான். ஆனால் அந்தத் திமிருக்குத் துணையாக ஒரு பியானோவும் ஒரு அறையும் மட்டுமே இருந்தன. அதற்காகவே இடங்கள் கட்டும் அளவுக்கு அந்தப் பழக்கம் பரவியது. லண்டனில் இன்று விக்மோர் ஹால் என்று அழைக்கப்படுவதை 1901-இல் கட்டியது பெக்ஸ்டைன் பியானோ நிறுவனம், இருக்கைகள் ஐந்நூற்றுச் சொச்சம்தான். தங்கள் பியானோவை ஜனங்கள் நன்றாகக் கேட்க வேண்டும் என்ற வியாபார ஆசையில் கட்டியதுதான். வியாபாரத்துக்காகவேனும் காதைப் பற்றி யோசித்தார்களே.

பராமரிப்பு என்று வந்தால் நீங்கள் கண்ணைத்தான் கவனிக்கிறீர்கள் என்பது என் நெடுநாள் சந்தேகம். பொன் முலாம் மறுபடி பூசுகிறீர்கள், வெல்வெட் மாற்றுகிறீர்கள், சரவிளக்கை இறக்கித் துடைக்கிறீர்கள். காதுக்குச் செய்வது கடைசியில்தான் வருகிறது. 1986-இல் கார்னகி ஹாலைப் புதுப்பித்துத் திறந்தபோது பழைய ஒலி போய்விட்டது என்று இசைக்கலைஞர்களும் விமர்சகர்களும் புலம்பினார்கள், மேடைக்கு அடியில் கான்கிரீட் போட்டுவிட்டார்கள் என்று ஒரு பேச்சு வருடக்கணக்கில் உலவியது, நிர்வாகம் மறுத்துக்கொண்டே இருந்தது. 1995-இல் மேடைப் பலகை வளைந்துபோய் அதைப் பெயர்த்துப் பார்த்தால், கீழே கான்கிரீட்! காது சொன்னதுதான் சரி. அதே பாஸ்டன் ஹாலில் 2006-இல் தேய்ந்துபோன மேடைத் தரையை மாற்றியபோது, அதே வகை மேப்பிள் பலகை, அடியில் அதே மாதிரிக் கம்பளி விரிப்பு, பழைய பாணி ஆணிகளைக் கையாலேயே அறைந்து பொருத்தினார்கள். நல்ல நிர்வாகம் என்றால் எனக்கு இதுதான் ஞாபகம் வருகிறது.

எல்லாப் பழைய அரங்குகளும் தெய்வீக ஒலி கொண்டவை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லவும் நான் தயாரில்லை. லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹால் 1871-இல் திறந்த அன்றைக்கே எதிரொலித்தது. ஒரு இசையமைப்பாளர் தன் படைப்பை இரண்டு தடவை கேட்க முடிகிற ஒரே இடம் அதுதான் என்று ரொம்ப காலம் கிண்டல் செய்தார்கள். 1969-இல் கூரையிலிருந்து 135 கண்ணாடியிழைத் தட்டுகளைத் தொங்கவிட்ட பிறகுதான் அது ஒரு வழிக்கு வந்தது. ஜனங்கள் அவற்றைக் காளான்கள் என்று கூப்பிடுகிறார்கள். அந்த மாதிரிப் பிரம்மாண்டமான நீள்வட்ட அரங்கில் ஒற்றைக் கிதாரை மைக் இல்லாமல் வைக்கச் சொன்னால் அது முட்டாள்தனம், நான் கேட்கவில்லை. உங்கள் ஹால் எந்த வகை என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்றுதான் கேட்கிறேன். பலருக்குத் தெரியவில்லை என்பது பயமாக இருக்கிறது.

இந்தக் கட்டடங்களில் சில இன்று நிற்பதற்கே இசைக்கலைஞர்கள்தான் காரணம் என்பதையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். 1960-இல் கார்னகி ஹாலை இடித்துவிட்டு அலுவலகக் கட்டடம் கட்டப் போனார்கள். வயலின் கலைஞர் ஐசக் ஸ்டெர்ன் முன்னால் நின்று போராடி, நியூயார்க் நகரமே அதை வாங்கும்படி செய்தார். அமெரிக்காவில் நாஷ்வில்லின் ரைமன் அரங்கு 1892-இல் பிரசங்க மண்டபமாகக் கட்டியது, சர்ச் பெஞ்சுகளில்தான் இன்றும் உட்கார வேண்டும். 1974-இல் கிராண்ட் ஓல் ஆப்ரி என்ற கன்ட்ரி இசை வானொலி நிகழ்ச்சி அங்கிருந்து கிளம்பியதும் அது பாழடைய ஆரம்பித்தது. 1991-இல் கன்ட்ரி பாடகி எமிலூ ஹாரிஸ் அங்கே போய் அக்கூஸ்டிக் வாத்தியங்களோடு ஒரு நேரடிப் பதிவு செய்தார். பால்கனி விழுந்துவிடுமோ என்ற பயத்தில் அதன் மேலும் கீழும் யாரையும் விடவில்லை, மொத்தமே இருநூறு பேர்தான் அனுமதி. அந்தப் பதிவுக்குப் பிறகு அந்த இடத்தின் மேல் மறுபடி எல்லோர் கண்ணும் விழுந்து, 1994-இல் புதுப்பித்துத் திறந்தார்கள். அங்கே பாட வேண்டும் என்று அவருக்கு ஏன் தோன்றியது? பெஞ்சு சுகமாக இருந்ததாலா?

இங்கே ஒரு சின்ன வேண்டுகோள். கருவியில் குறை வைத்துவிட்டு 1975-இல் ஜெர்மனியின் கொலோன் நகரில் நடந்த கதையை எங்களுக்குச் சொல்லாதீர்கள். எல்லோரும் சொல்லிச் சொல்லி அலுத்துப்போன கதைதான்: ஜனவரி 24, இரவு பதினொன்றரை மணி, கொலோன் ஆப்ரா ஹவுஸ், ஜாஸ் பியானோக் கலைஞர் கீத் ஜாரெட் கேட்ட பெரிய பியானோவுக்குப் பதிலாக ஒத்திகைக்கு வைத்திருந்த ஒரு சின்னப் பியானோ மேடையில் நிற்கிறது, சுருதி சரியில்லை, பெடல் வேலை செய்யவில்லை. டியூனர்கள் மணிக்கணக்கில் போராடி ஓரளவு சரிசெய்தார்கள். அவர் நடு ஸ்வரங்களிலேயே பெரும்பாலும் சுற்றி வாசித்து முடித்தார், அந்தப் பதிவு உலகம் முழுக்க விற்றுத் தீர்ந்தது. நல்ல கதை. ஆனால் அதில் பெருமைப்பட அந்தக் கலைஞருக்கும் அந்த டியூனர்களுக்கும் மட்டும்தான் உரிமை, பியானோவை மாற்றிவைத்த ஆட்களுக்கு இல்லை. "கஷ்டத்தில்தான் கலை பிறக்கும்" என்று நிர்வாகத்தில் இருக்கிறவர் சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது.

சரி, எதிர்வாதங்களுக்கு வருகிறேன், சிலது உண்மையிலேயே நியாயமானவை.

காது மந்தமானவர்கள் இருக்கிறார்கள். மைக்கே இல்லை என்றால் அவர்கள் என்ன செய்வார்கள்? காது கேட்கும் கருவியோடு நேரடியாக இணைகிற இண்டக்ஷன் லூப் பல அரங்குகளில் ஏற்கனவே இருக்கிறது. மேடையில் ஒரு மைக்கை வைத்து அதை லூப்புக்கு மட்டும் அனுப்புங்கள், ஸ்பீக்கருக்கு வேண்டாம். அப்படிச் செய்தால் அவர்களுக்கு எல்லோரையும்விடத் தெளிவாகவே கேட்கும். லூப் இருந்தும் வேலை செய்யாமல் கிடப்பதுதான் பல இடங்களில் பிரச்சினை, அது வேறு கடிதம்.

பால்கனிக்கு அடியில் ஆழமாக உள்ளே போகிற வரிசைகளுக்கு மேலிருந்து வரும் பிரதிபலிப்பு எட்டாது, ஒலி மங்கித்தான் இருக்கும். உண்மை. அங்கே கூரையில் சின்ன ஸ்பீக்கர்களைப் பொருத்தி, மேடையிலிருந்து நேராக வரும் ஒலியோடு ஒத்துப்போகும்படி சில பத்து மில்லிநொடி தாமதித்து, மெலிதாகக் கொடுங்கள். ஸ்பீக்கர் ஓடுவதே தெரியாமல் ஓட வேண்டும். நல்ல இன்ஜினியர்களுக்கு இது தண்ணி பட்ட பாடு.

டிக்கெட் வாங்கியவன் "கேட்கவில்லை, பணத்தைத் திருப்பிக் கொடு" என்று சண்டைக்கு வருவான் என்ற பயம் இருக்கிறது. முன்கூட்டியே சொல்லிவிட்டால் வரமாட்டான். இப்போது டிக்கெட் விற்கும்போது தூண் மறைக்கும், கம்பி மறைக்கும், மேடையின் ஓரம் தெரியாது என்று பார்வையைப் பற்றி மட்டும் எச்சரிக்கிறீர்கள். இந்த இருக்கையில் எப்படிக் கேட்கும் என்று ஒரு வார்த்தை கிடையாது. நாங்கள் வாங்குவது பாட்டுக் கேட்க என்பதை யாரோ உங்களுக்கு ஞாபகப்படுத்த வேண்டியிருக்கிறது. பல பழைய அரங்குகளில் மேல் பால்கனியின் நடுப் பின்வரிசை, மலிவான டிக்கெட், கீழே இருக்கும் விலையுயர்ந்த பல இருக்கைகளைவிட அருமையாகக் கேட்கும். இது உங்களுக்கும் தெரியும். சொன்னால் வியாபாரம் கெடுமா என்ன? கெடாது, எப்படியும் எல்லாம் விற்றுவிடுகிறது.

அப்புறம் சில்லறைச் சத்தங்கள். ஸ்பீக்கர் உச்சத்தில் இருக்கும்போது இவை மறைந்துவிடும், அதனால்தான் இத்தனை வருடம் யாரும் கவனிக்கவில்லை. பாரில் குளிர்பெட்டிக் கதவு டப்பென்று மூடுவது, ஐஸ் கொட்டுவது. தாமதமாக வருகிறவர்களைப் பாட்டு நடுவில் உள்ளே விடுவதால் ஸ்பிரிங் இருக்கை ஒவ்வொன்றாகப் படபடவென்று மடங்குவது. வாக்கி டாக்கியில் யாரோ வாசலில் பேசுவது. ஏசி. பாட்டு தொடங்குமுன் ஹாலை நன்றாகக் குளிரவைத்துவிட்டு, அந்த அரை மணி நேரம் காற்றின் வேகத்தைக் குறைத்து வைத்தால் யாரும் வியர்த்துச் செத்துவிட மாட்டார்கள். சுழல் விளக்கு வேண்டவே வேண்டாம், விசிறி இல்லாத சாதாரண விளக்கு ஒன்றோ இரண்டோ போதும், ஒரு ஆளைப் பார்க்க எத்தனை வெளிச்சம் வேண்டும்?

போன்களைப் பற்றி எழுதினால் நீண்டுகொண்டே போகும். சில கலைஞர்கள் இப்போது போனைப் பையில் போட்டுப் பூட்டிவிடச் சொல்கிறார்கள், பாப் டிலனின் கச்சேரிகளில் அப்படித்தான். எனக்கு அதில் பெரிய எதிர்ப்பு இல்லை, ஆனால் அவசரத்துக்கு வீட்டிலிருந்து அழைப்பு வர வேண்டியவர்களைக் கைதி மாதிரி நடத்துவது உறுத்துகிறது. மைக் இல்லாத பகுதியில் அந்தப் பூட்டுக்கே அவசியம் இருக்காது என்பது என் அனுமானம்.

டிக்கெட்டோடு கட்டடப் பராமரிப்புக்கு என்று தனியாக ஒரு தொகை பிடிக்கிற அரங்குகள் உண்டு. மனசாரக் கொடுக்கிறேன். அந்தத் தொகையில் ஒரு பங்கை எடுத்து ஒலியியல் தெரிந்த ஒருவரை அழைத்து, ஹால் காலியாக இருக்கும்போதும் ஆள் நிரம்பியிருக்கும்போதும் அளந்து, எந்தக் கருவி எவ்வளவு தூரம் தானாகப் போகும், மேடையில் எந்த இடத்தில் நின்றால் நன்றாகப் போகும் என்று ஒரு பக்கத்துக்கு எழுதி வாங்குங்கள். வருகிற ஒவ்வொரு தனிக் கலைஞருக்கும் அந்தப் பக்கத்தை ஒப்பந்தத்தோடு சேர்த்து அனுப்புங்கள். "உங்களுக்கு விருப்பமானால் நாங்கள் எல்லாவற்றையும் அணைத்துத் தருகிறோம்" என்று ஒரு வரி போதும். வேண்டாம் என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும். குரல் தளர்ந்துபோனவர்கள் இருப்பார்கள், மைக்கோடு வளர்ந்து மைக்குக்கென்றே குரலைப் பழக்கியவர்கள் இருப்பார்கள். காதோரம் கிசுகிசுக்கிற மாதிரிப் பாடுகிற கலையே மைக் வந்த பிறகு வந்ததுதான், அதுவும் கலைதான், அவர்களை விளிம்புக்கு இழுத்துவந்து நிறுத்தச் சொல்லவில்லை. ஆனால் கேட்டுப் பாருங்கள். கேட்டால் சரி என்பவர்கள் நீங்கள் நினைப்பதைவிட அதிகம் இருப்பார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது, ஏனென்றால் அவர்களும் அந்த மேடையில் ஏற ஆசைப்பட்டது அந்த ஹாலுக்காகத்தானே.

அடுத்த பருவத்துக்கான நிகழ்ச்சிப் பட்டியலில் ஒரே ஒரு தனிக் கச்சேரிக்குப் பக்கத்தில் "ஒரு பகுதி ஒலிபெருக்கி இல்லாமல்" என்று போட்டுப் பாருங்கள். மேல் பால்கனி நடு, கடைசி வரிசை, எனக்கு இரண்டு டிக்கெட்.

இப்படிக்கு,
உங்கள் மேல் பால்கனி வாடிக்கையாளர்களில் ஒருவர்

பி.கு.: இசைக்குச் சம்பந்தமில்லாத ஒன்று, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கட்டியவர்கள் பெண்களுக்கான கழிப்பறையைப் பற்றி அதிகம் யோசிக்கவில்லை, புரிகிறது. நீங்கள் யோசிக்கலாமே. இடைவேளை முடிந்து முதல் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதும் படிக்கட்டு வரை வரிசை நிற்கிறது. இடைவேளையைப் பத்து நிமிடம் நீட்டுங்கள், அல்லது மேல் தளத்தில் ஆண்கள் பக்கம் ஒன்றை அன்றைக்கு மட்டும் மாற்றி விடுங்கள்.